நாலாவது மாடியில் ஒரு நல்ல வீடு

மதுரையில் வாடகைக்கு நல்ல வீடு பிடிப்பது லேசான காரியம் இல்லை. நான் பத்து வீடு பார்த்தேன். சில வீடுகளில் சுவரைத் தட்டினால் தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம் வந்தது. சிலவற்றில் கதவு பளபளப்பாக இருந்தது, நிலை ஆடியது. கட்டி மூன்று வருடம் ஆகாத கட்டடத்தில் குளியலறைச் சுவர் ஈரம் ஊறி ஓதம் காத்துக் கிடந்தது. பார்க்கிறவன் கண்ணை மட்டும் மனதில் வைத்துக் கட்டுகிறார்கள்.

இன்ஸ்பெக்டர் அம்மா, நீங்கள் கேள்வி கேட்கவும் எழுத்தர் எழுதிக்கொள்ளவும் ஏற்பாடு செய்திருந்தீர்கள். நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். மதித்துத் தாள் கொடுத்தீர்கள். நான் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவன். யாரோ எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போடுவது எங்கள் குடும்பத்தில் கிடையாது.

பெயர் உக்கிரபாண்டி. வயது அறுபத்தொன்பது. பரளச்சிக்குக் கிழக்கே எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் கொத்தமல்லியும் உண்டு, பெய்யாவிட்டால் சீமைக்கருவேல்தான். ஊரில் எங்களைவிட நிலம் அதிகம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாரியம்மன் கோயிலில் முதல் மரியாதை எங்கள் வீட்டுக்கு. திருவிழாவுக்கு முதல் காப்பு எங்கள் கையில்தான் கட்டவேண்டும். தாத்தா கையில் கட்டினார்கள், அப்பா கையில் கட்டினார்கள், முப்பத்திரண்டு வருடமாக என் கையில் கட்டுகிறார்கள். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. இது தெரியாவிட்டால் மற்றது உங்களுக்கு விளங்காது.

எனக்கு ஒரே மகள், முருகலட்சுமி. வயது இருபத்தைந்து. அருப்புக்கோட்டையில் கல்லூரிப் படிப்பு. பிறகு மதுரையில் விடுதியில் தங்கி ஒரு கம்பெனியில் வேலை. தை மாதம் ஊருக்கு வந்தவள், களத்தில் மல்லி காயப் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"எப்பா, ஒரு விசயம் சொல்லணும். கேட்டுட்டு அருவாள எடுக்கக் கூடாது."

"நம்ம வீட்டு அருவா முள்ளு வெட்டத்தான் தாயி. சொல்லு."

சிரித்தாள். பிறகு சொன்னாள். பையன் பெயர் சௌந்தர். அருப்புக்கோட்டையில் நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ். அவளுடைய கம்பெனியிலேயே வேலை. நல்ல பையன்தான் என்று இப்போது நானும் சொல்வேன். அன்றைக்கு அது கேள்வியே இல்லை.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. உங்ககிட்டதான் மொதல்ல. அம்மா அழும். நீங்க யோசிப்பீக."

என்னைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தாள். நான் சத்தம் போடவில்லை. மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள், "சரி தாயி" என்றேன். "ஊருல வச்சு வேண்டாம். கோயில் திருவிழா முடியட்டும், மதுரையில வச்சுக் கல்யாணத்த முடிச்சிருவோம். அதுக்குள்ள ஒரு வீடு பாக்கணும். தனிக்குடித்தனம் வைக்கிறது பொண்ணப் பெத்தவன் பொறுப்பு. உங்கம்மாகிட்ட நேரம் பாத்து நான் பேசிக்கிறேன். அதுவரைக்கும் நீ வாயத் திறக்காத."

நம்பினாள். அதுவரைக்கும் நான் அவளிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை.

தரகர் சதீஸ்குமார் பொறுமையான மனிதர். ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் இருவரும் அவரோடு வீடு பார்க்கப் போவோம். அவளுக்குச் சமையலறையில் வெளிச்சம் வேண்டும், துணி காயப்போட இடம் வேண்டும், பக்கத்தில் பஸ் வேண்டும். நான் நிலை, கதவு, பூட்டு, ஜன்னல் பார்ப்பேன். ஜன்னலைச் சாத்திவிட்டு நின்று காது கொடுத்துக் கேட்பேன்.

"மாடு பிடிக்க வந்தவுக மாதிரிப் பாக்குறாரும்மா உங்க அப்பா," என்றார் சதீஸ்குமார். "பல்லப் புடிச்சுப் பாக்காததுதான் குறை."

"அவுக அப்படித்தான். எப்பா, கதவையே தட்டிக்கிட்டு இருக்கீகளே, வாடகை கதவுக்கு மட்டுமா?"

மூவரும் சிரித்தோம். ஐந்தாவதாகப் பார்த்த வீடு அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. சமையலறை மேடையில் கையை வைத்து, எங்கே அரிசிப் பானை, எங்கே மிக்சி என்று அவனுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் அப்போது கம்பெனி வேலையாக இரண்டு மாதம் புனேயில் இருந்தான். எதிர்வீட்டில் ஒரு பெரியவர் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லி அந்த வீட்டைத் தட்டிக் கழித்தேன். ஆறாவதில் பக்கத்து வீட்டு மிக்சி ஓடுவது கேட்டது. எட்டாவதில் படிக்கட்டு முழுக்கக் கேமரா.

பத்தாவது வீட்டை மகள் இல்லாமல் தரகரோடு போய்ப் பார்த்தேன். ரிங்ரோட்டுக்கு வெளியே புதுக் கட்டடம். நாலு மாடி, பதினாறு வீடு, குடியிருந்தது ஐந்து வீட்டில். நாலாவது மாடியில் யாரும் இல்லை. தேக்கு நிலை, உள்ளே இரும்புத் தகடு வைத்த கதவு, உள்ளேயும் வெளியேயும் சாவி போடுகிற பூட்டு. எல்லா ஜன்னலுக்கும் கனமான கம்பி. கண்ணாடியை இழுத்துச் சாத்தினால் ரோட்டில் போகிற லோடு லாரி சத்தம் நின்றுவிட்டது. பின்னால் கண்மாய்க்குள் கருவேலங்காடு. கட்டியவன் ஏமாற்றவில்லை.

"மகளுக்கு ஏத்த வீடுய்யா," என்றார் சதீஸ்குமார். "உள்ள சவுண்டே கேக்காது. நிம்மதியா இருக்கலாம்."

மாசிக் கடைசியில் பால் காய்ச்சினோம். அவளை வேலையை விடச் சொல்லியிருந்தேன், திருமணத்துக்குப் பிறகு வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று. விடுதியைக் காலி செய்துவிட்டு இரண்டு பெட்டியோடு வந்தாள். அவளே அடுப்புப் பற்றவைத்தாள். பால் பொங்கியதும் எனக்கு முதல் தம்ளர் கொடுத்தாள். படம் எடுத்து அவனுக்கு அனுப்பப் போனவளை, வந்து நேரில் பார்க்கட்டும் என்று தடுத்தேன். என் போனில் சார்ஜ் இல்லை, உன் போனைக் கொடு, தரகரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். பூட்டு நல்ல பூட்டு. சத்தம் இல்லாமல் விழுந்தது.

உங்களுக்கு என் எண்ணம் தெரியவேண்டும் என்பதால் எழுதுகிறேன். நாற்பது நாள் என்று வைத்திருந்தேன். புதுக் காளையை ஏருக்குப் பழக்குவதற்கு அவ்வளவுதான் ஆகும். திருவிழா முடிந்ததும் என் தங்கை மகனுக்குக் கட்டிவைப்பதாக முடிவு. அவர்கள் வீட்டில் சம்மதம். என் மனைவி தங்கலட்சுமியிடம் மகள் பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள், போன் பேச விடமாட்டார்கள் என்று சொன்னேன். சௌந்தருக்கு மகளுடைய போனிலிருந்து, என்னைத் தேட வேண்டாம் என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அணைத்துப் பீரோவில் வைத்தேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் முதல் பஸ்ஸுக்குப் போவேன். இட்லி, சப்பாத்தி, வாழைப்பழம், ரொட்டி. எதிலும் குறை வைக்கவில்லை. உள்ளே போனதும் உள்பக்கமாகப் பூட்டிச் சாவியை இடுப்பு பெல்ட்டில் போட்டுக்கொள்வேன். முதல் வாரம் கத்தினாள். கட்டடத்து வாட்ச்மேன் மாரீஸ்வரன் என்னை நிறுத்திக் கேட்டான். மகளுக்கு மனசு சரியில்லை, வைத்தியம் நடக்கிறது என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது.

"எங்க சித்தி மகளும் இப்பிடித்தான்யா கத்துவா. அய்யா வயசுக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்க வேண்டாம்." மறுமுறை போனபோது பாண்டி கோயில் விபூதி மடித்து வைத்திருந்தான்.

இரண்டாவது வாரம் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, தண்ணீர் கதவுக்கடியில் வழிந்து படியில் ஓடும்படி செய்திருந்தாள். புத்திசாலிப் பெண். மொட்டை மாடிக்குப் போய் அந்த வீட்டுக்கு வருகிற குழாயை மட்டும் அடைத்தேன். அதற்குப் பிறகு குடிக்கவும் புழங்கவும் ஐந்து லிட்டர் கேன் ஒன்றை நானே சுமந்துபோவேன். என்னால் ஒரு நடைக்கு அவ்வளவுதான் முடிந்தது. இரண்டு நாளைக்கு அது போதும்.

"எப்பா, நான் செத்துப்போனா என்ன செய்வீக?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"அப்படியெல்லாம் பேசக் கூடாது தாயி."

"முதல் மரியாதை வாங்குற கை. அதுல பெத்த பிள்ளையப் பூட்டுன சாவி. நல்லா இருக்கு பாக்க."

கேலி பேசுகிற தெம்பு இருந்தது. மூன்றாவது வாரம் அதுவும் குறைந்தது. சீப்பு கேட்டாள், படிக்கப் புத்தகம் கேட்டாள். பழகிவருகிறாள் என்று நினைத்தேன்.

பங்குனி இரண்டாவது திங்கட்கிழமை போய் உணவும் ஒரு கேன் தண்ணீரும் வைத்துவிட்டு வந்தேன். திருவிழாவுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அதற்கு முந்தின நாளுக்குள் ஒன்பது நாளைக்கு வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துவிடுவதாகத் திட்டம். ஏனென்றால் எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. கையில் காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையையே தாண்டக் கூடாது. எட்டு நாள். பெற்றவர் செத்தாலும் போகமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, வேலைகளைப் பற்றிப் பேச ஊர் கோயில் முன்னால் கூடியிருந்தது. பேச்சு நடக்கும்போதே சாமியாடி கருத்தப்பாண்டிக்கு அருள் வந்துவிட்டது. இரண்டு வருடமாக மழை இல்லாத ஊர். எல்லோரும் எழுந்து நின்றோம்.

"இன்னைக்கே கட்டுங்கடா. நாள் தள்ளுனீகன்னா நான் இந்த எல்லையில இருக்க மாட்டேன்."

அரைமணி நேரத்தில் பூசாரி மஞ்சள் கட்டிய கயிற்றோடு என் முன்னால் வந்து நின்றார். நான் உடனே கையை நீட்டவில்லை. எனக்குப் பின்னால் வீரபாண்டி நின்றான். பங்காளி மகன். அந்த மரியாதை தங்கள் வீட்டுக்கு வரவேண்டியது என்று பதினொரு வருடமாகப் பேசிக்கொண்டிருப்பவன்.

"பெரியப்பாவுக்கு மதுரையில சோலி இருக்கும் போல. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மொத பஸ்ஸுல பாக்கேன்," என்றான். "தோதுப்படலன்னா சொல்லச் சொல்லுங்க, நான் கட்டிக்கிறேன். மகளும் ஊருல இல்ல. எங்க போயிருக்குன்னு யாருக்கும் தெரியல."

இரண்டு பேர் சிரித்தார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

எவ்வளவு நேரம் யோசித்தீர்கள் என்று நேற்றுக் கேட்டீர்கள். வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரம் இருக்கும். அந்த நேரத்துக்குள் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். கேன், இட்லிப் பொட்டலம், வெயில், சாத்திய ஜன்னல். பிறகு கையை நீட்டினேன்.

அந்த எட்டு நாளும் நான் ஒரு வேளைதான் சாப்பிட்டேன். விரதம். தரையில் படுத்தேன். மூன்றாம் நாள் அவளிடம் இருந்த தண்ணீர் முடிந்திருக்கும் என்று தெரியும். சிக்கனமாக வைத்திருந்தால் ஐந்தாம் நாள் வரை வரும். சிறுவயதிலிருந்தே சிக்கனமான பிள்ளை. சாவி இடுப்பு பெல்ட்டில் இருந்தது.

தங்கலட்சுமி ஒரு நாள் மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, பெங்களூருல திருவிழாவுக்குக் கூடவா லீவு குடுக்க மாட்டாங்க? பிள்ள குரலக் கேட்டு ஒரு மாசமாச்சு. எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது."

"கவர்மெண்டு மாதிரி இல்ல, அங்க கண்டிசன் ஜாஸ்தி," என்றேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் சௌந்தர் வந்தான். பஸ்ஸைவிட்டு இறங்கி வெயிலில் நடந்தே வந்திருந்தான். வீட்டுக்கு வந்தவனை வெளியே நிறுத்துகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. தொழுவத்துப் பக்கம் வேம்படியில் நாற்காலி போடச் சொல்லி மோர் கொடுத்தேன். தங்கலட்சுமி கோயிலில் இருந்தாள்.

"மாமா, அந்த மெசேஜ் அவ அனுப்பல," என்றான். "அவ தமிழ்ல டைப் பண்ணவே மாட்டா. நீங்கதான் அனுப்பிருக்கீங்க."

"மாமான்னு கூப்பிடாத."

"சரிங்கய்யா." தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான். "நான் விட்டுர்றேங்கய்யா. எழுதி வேணும்னாலும் தாரேன். புனேயிலயே வேல கேட்டு வாங்கிட்டுப் போயிர்றேன், இந்தப் பக்கமே வரமாட்டேன். ஒரே ஒரு தடவ அவ குரல மட்டும் கேக்கணும். உயிரோட இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்."

நான் எதற்காக வீடு பிடித்தேனோ அது அந்த இடத்தில் முடிந்துவிட்டது. நீங்கள் இதைக் குறிப்பாகக் கேட்டீர்கள், அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன். சாவியை அவன் கையில் கொடுத்து முகவரியைச் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்திருப்பான். எல்லை தாண்டக் கூடாது என்பது எனக்குத்தான், அவனுக்கு இல்லை. ஆனால் அவன் திறந்தால் நாலு பேருக்குத் தெரியும். காப்புக் கையோடு நான் சாமி முன்னால் நிற்கிற நாளில் இந்தக் கதை ஊருக்கு வந்து சேரும். வீரபாண்டி அதற்குத்தான் காத்திருந்தான்.

"நல்லா இருக்கா," என்றேன். "திருவிழா முடியட்டும், பேசச் சொல்றேன்."

கும்பிட்டுவிட்டுப் போனான். மோரை முழுக்கக் குடிக்கவில்லை.

திருவிழா குறைவில்லாமல் நடந்தது. பொங்கல், அக்கினிச் சட்டி, முளைப்பாரி. எட்டாம் நாள் பரிவட்டம் கட்டி என்னை முன்னால் விட்டார்கள். வீரபாண்டி பின்னால்தான் வந்தான். சாயங்காலம் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காப்பு அவிழ்த்தோம்.

பன்னிரண்டாம் நாள் வாட்ச்மேன் நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி நீங்கள் போய்க் கதவை உடைத்தீர்கள். உடைக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று என்று கேள்விப்பட்டேன். என்னை ஊரில் வந்து கைது செய்தபோது நான் தடுக்கவில்லை, ஓடவில்லை. சட்டை மாற்றிக்கொள்ள நேரம் கேட்டேன். கொடுத்தீர்கள்.

எட்டு நாளும் காப்பு என்னைக் கட்டிப்போட்டிருந்தது, அதுதான் நடந்தது, இதில் என் கை இல்லை என்று நேற்றுச் சொன்னேன். மருத்துவர் அவள் இறந்தது பத்தாம் நாள் என்று எழுதியிருப்பதாக நீங்கள் சொன்னீர்கள். அவர் தப்பாகப் போட்டிருப்பார் என்றேன். நீங்கள் அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். இரவு முழுக்க அது எனக்குச் சரியாகப் படவில்லை. படித்த ஒரு மனிதரின் எழுத்தை நான் பொய்யாக்கக் கூடாது.

அவர் எழுதியது சரி.

ஒன்பதாம் நாள் முதல் பஸ்ஸுக்குப் போனேன். கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, வாட்ச்மேன் கீழே இல்லாத நேரத்தில் நாலு மாடி ஏறித் திறந்தேன். கதவுக்குப் பக்கத்திலேயே தரையில் கிடந்தாள். செத்துப்போனாள் என்றுதான் நினைத்தேன். குனிந்தபோது கண்ணைத் திறந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. எப்பா என்று சொன்னாள். உதடு ஒட்டிக்கொண்டிருந்ததால் அது மட்டும்தான் விளங்கியது. கேனைப் பார்த்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். இவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் ஐந்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் எத்தனை நாளாக என்று கேட்பார்கள். எங்கே, ஏன், பூட்டியது யார் என்று கேட்பார்கள். அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டில் சொந்தபந்தத்துக்குக் கறி விருந்து. வீரபாண்டியும் சாப்பிட வருகிறான்.

கேனைத் திறக்கவில்லை. அங்கே வைத்துவிட்டும் வரவில்லை, நான் வந்துபோனதற்கு அடையாளமாகிவிடும். கையோடு எடுத்துக்கொண்டேன். அவள் சேலையைச் சரி செய்துவிட்டேன். கதவைப் பூட்டினேன். மத்தியானப் பந்திக்கு நேரத்தோடு ஊர் வந்து சேர்ந்தேன்.

வாரேன் தாயி என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், அம்மா. சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடவில்லை.